ஒரே கணினி, நாலு லாகின்: லினக்ஸ் ஹோம் ஃபோல்டரின் பெர்மிஷனை ஒழுங்குபடுத்துவது எப்படி

மன்னார்குடி, நீடாமங்கலம், பாபநாசம் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் குழு அலுவலகங்களிலும் சின்னச் சின்ன இ-சேவை மையங்களிலும் பல இடங்களில் ஒரே கணினியில் மூன்று நான்கு பேர் மாற்றி மாற்றி வேலை பார்க்கிறார்கள். லினக்ஸ் போட்டிருந்தால் ஆளுக்கொரு லாகின் இருக்கும், ஆளுக்கொரு பாஸ்வேர்டு இருக்கும், அதோடு காரியம் முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். முடியவில்லை. அந்தக் கணினியில் இருப்பது நம்முடைய ஃபைல்கள் மட்டும் இல்லை. குறுவை அறுப்பு முடிந்து கொள்முதல் நிலையத்தில் நெல் போடப் பதிவு செய்ய வந்தவர்களின் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு கட்ட வந்தவர்களின் அதே காகிதங்கள், எல்லாம் ஸ்கேன் ஆகி யாரோ ஒருவரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கின்றன. நம்மை நம்பிக் கொடுத்த காகிதம் அது. பக்கத்து லாகினிலிருந்து யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்கிற நிலையில் அதை விட்டுவைக்கக் கூடாது.

இதைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் போதும், காசும் செலவில்லை. கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், நான் சொல்கிற இடம் தவிர மற்றதெல்லாம் சிறிய எழுத்தில் அடியுங்கள். தனி எழுத்தாக வரும் 'டி' எல்லாம் டைரக்டரி என்பதன் முதல் எழுத்து. உதாரணத்துக்கு மூன்று லாகின் வைத்துக்கொள்வோம்: கணக்கு எழுதுகிறவருக்கு 'கணக்கு', முன்மேசையில் விண்ணப்பம் பதிகிறவருக்கு 'பதிவு', கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வருகிற பிள்ளைக்கு 'பயிற்சி'.

முதலில் இப்போது என்ன நிலை என்று பாருங்கள்:

ஸ்டாட் -சி '%ஏ %என்' /ஹோம்/*

ஒவ்வொரு ஹோம் ஃபோல்டருக்கும் (ஒவ்வொரு லாகினுக்கும் உரிய சொந்த ஃபோல்டர்) முன்னால் ஒரு மூன்று இலக்க எண் வரும். முதல் இலக்கம் உடைமையாளருக்கு, இரண்டாவது குரூப்புக்கு (சில லாகின்களைச் சேர்த்துவைக்கும் குழு), மூன்றாவது மற்ற எல்லாருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1, இவற்றைக் கூட்டிய தொகைதான் அந்த இலக்கம். 755 என்று வந்தால், கணக்கின் ஹோமுக்குள் பயிற்சி தாராளமாகப் போய்ப் பார்க்கலாம் என்று அர்த்தம். உபுண்டுவில் நெடுங்காலம் இதுதான் வழக்கம், 21.04 பதிப்பிலிருந்துதான் புதிதாக உருவாக்கும் ஹோமுக்கு 750 என்று மாற்றினார்கள். புதிதாக உருவாக்குவதற்கு மட்டும் என்பதைக் கவனியுங்கள்: பழைய பதிப்பில் போட்ட கணினியை அப்கிரேட் செய்துகொண்டே வந்திருந்தால் பழைய ஹோம்கள் இன்னும் 755-இலேயே நிற்கும், அதனால் "எங்களுடையது புது உபுண்டுதான்" என்று பார்க்காமல் விடாதீர்கள். 750 வந்தால் குரூப்பில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. உபுண்டுவில் ஒவ்வொருவருக்கும் அவர் பெயரிலேயே தனிக் குரூப் இருப்பதால் அதில் வேறு யாரையும் சேர்க்காதவரை பிரச்சினை இல்லை. கெட்என்ட் குரூப் கணக்கு என்று அடித்தால் யார் யார் என்று தெரிந்துவிடும்.

சரி, இந்த மூன்று அனுமதிகளும் ஃபைலுக்கு ஒரு மாதிரி, ஃபோல்டருக்கு வேறு மாதிரி வேலை செய்யும். இது புரியாமல்தான் பாதிக் குழப்பம் வருகிறது, அதனால் இதை நிதானமாகப் பாருங்கள். ஃபைலில் படிக்க, எழுத, இயக்க என்றால் அப்படியே அர்த்தம். ஃபோல்டரில் 'படிக்க' என்றால் உள்ளே இருக்கும் பெயர்களின் பட்டியலைப் பார்க்கலாம், அவ்வளவுதான். 'இயக்க' என்றால் அந்த ஃபோல்டருக்குள் நுழைந்து அதைத் தாண்டிப் போகலாம். 'எழுத' என்றால் (நுழையும் அனுமதியும் சேர்ந்திருந்தால்) உள்ளே புதிய ஃபைல் உண்டாக்கலாம், பெயர் மாற்றலாம், அழிக்கலாம். அழிப்பது ஃபைலின் பெர்மிஷனைப் பொறுத்ததே இல்லை, அது இருக்கும் ஃபோல்டரின் பெர்மிஷனைப் பொறுத்தது. உங்கள் கணக்குப் புத்தக ஃபைலை 400 என்று வைத்து, நீங்களே எழுத முடியாதபடி பூட்டிவிட்டாலும், அது இருக்கும் ஃபோல்டர் 777 என்றால் பயிற்சி அதை அழித்துவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைக்க முடியும். படிக்க முடியாத ஃபைலைக்கூட அழிக்க முடியும்.

இன்னொன்று, ஒரு ஃபைலை எட்ட வேண்டுமானால் மேலே இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழையும் அனுமதி வேண்டும். தலைப்பில் ஷட்டரை இறக்கிவிட்டால் கிளை வாய்க்காலில் எத்தனை மதகு திறந்திருந்தாலும் வயலுக்குத் தண்ணீர் வராது இல்லையா, அதே கணக்குதான். ஹோம் ஃபோல்டரில் மற்றவர்களுக்கு நுழைவு இல்லையென்றால் உள்ளே 644, 755, 777 என்று எது எப்படிக் கிடந்தாலும் அந்தப் பாதை வழியாக யாரும் வர முடியாது. அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அடிக்க வேண்டியது இந்த ஒரே வரி, ஒவ்வொருவரும் அவரவர் லாகினில் (~ என்பது அவரவர் ஹோமைக் குறிக்கும்):

சிஎச்மாட் 700 ~

நூற்றில் தொண்ணூறு காரியம் இதிலேயே முடிந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. இதனால் நின்றுபோகக்கூடியது ஒன்று உண்டு: யாராவது ஹோமுக்குள் வெப்சைட் ஃபைல்களை வைத்து அதை வெப் சர்வர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் அது திறக்காது. அதற்காக ஹோமை 711 ஆக்குகிறவர்கள் உண்டு, அதாவது பட்டியல் பார்க்க முடியாது, ஆனால் பெயர் தெரிந்தவர் நுழையலாம். எனக்கு அது பிடிக்காது, ஏனென்றால் ஆவணம், டவுன்லோட்ஸ் போன்ற பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. வெப்சைட்டை ஹோமுக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள்.

அடுத்தது உள்ளே. வெளிக்கதவைத்தான் சாத்தியாயிற்றே, உள்ளே ஏன் மெனக்கெட வேண்டும் என்றால், ஃபைல்கள் அதே இடத்தில் கிடக்கப்போவதில்லை. நாளைக்கு வேறு ஃபோல்டருக்கு, வேறு கணினிக்கு, பேக்கப்புக்குப் போகும்போது பல வழிகளில் பெர்மிஷனும் கூடவே போகும். நிரல்கள் சிலவற்றுக்கு இந்தக் கவனம் உண்டு, .எஸ்எஸ்எச், .க்னூபிஜி போன்ற ஃபோல்டர்களை அவை தாமே 700-இல் உண்டாக்கும். ஆனால் ஸ்கேன்கள் வந்து விழுகிற டவுன்லோட்ஸும் டாக்குமென்ட்ஸும் பெரும்பாலும் 755-இல்தான் இருக்கும். பார்க்க:

ஃபைண்ட் ~ ! -டைப் எல் -பெர்ம் /077

குரூப்புக்கோ மற்றவர்களுக்கோ ஏதாவது ஒரு அனுமதி இருக்கும் எல்லாமே பட்டியலில் வரும். நடுவில் இருக்கும் அந்த டைப் எல் பகுதி சிம்பாலிக் லிங்க்குகளை (வேறொரு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழிகள்) விலக்குகிறது, அவை லினக்ஸில் எப்போதும் 777 என்றுதான் காட்டும், அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம். பட்டியலைப் பார்த்துவிட்டு:

சிஎச்மாட் -ஆர் ஜிஓ= ~

இதில் ஆர் பெரிய எழுத்து. சமக்குறிக்குப் பின்னால் ஒன்றும் எழுதாமல் விட்டால் குரூப், மற்றவர்கள் இருவரின் அனுமதியும் முழுக்கப் போய்விடும், உங்கள் அனுமதி இருந்தபடியே இருக்கும். இந்த வடிவத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இணையத்தில் தேடினால் 'சிஎச்மாட் -ஆர் 755' அல்லது '-ஆர் 700' என்று போடச் சொல்வார்கள். எண்ணை வைத்து மொத்தமாக அடித்தால் படம், பிடிஎஃப், எக்செல் எல்லாவற்றுக்கும் இயக்கும் அனுமதி ஏறிவிடும். 600 என்று மொத்தமாக அடித்தாலோ ஃபோல்டர்களில் நுழைவே போய்விடும், நீங்களே உள்ளே போக முடியாது. எழுத்து வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை.

யாரோ 'எதுவும் வேலை செய்யவில்லை' என்று ஏற்கெனவே 777 அடித்துவைத்த ஹோம் உங்கள் கையில் வந்திருந்தால் (இது அபூர்வம் இல்லை), ஃபோல்டரையும் ஃபைலையும் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும்:

ஃபைண்ட் ~ -டைப் டி -எக்ஸெக் சிஎச்மாட் 700 {} +
ஃபைண்ட் ~ -டைப் எஃப் -எக்ஸெக் சிஎச்மாட் 600 {} +

இரண்டாவது வரி ஸ்கிரிப்டுகளின் இயக்கும் அனுமதியையும் எடுத்துவிடும், எனவே ஹோமுக்குள் 'பின்' என்ற ஃபோல்டர், .லோக்கல்/பின், பைத்தானின் வென்வ் ஃபோல்டருக்குள் இருக்கும் பின் ஆகியவற்றில் உள்ள நிரல்களுக்கு சிஎச்மாட் யூ+எக்ஸ் என்று திரும்பக் கொடுங்கள். 777 போட்ட ஹோமுக்கு எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து நுழைய உதவும் நிரல்) வழியாகச் சாவி வைத்து நுழையவும் முடியாது: ஹோமிலோ .எஸ்எஸ்எச் ஃபோல்டரிலோ மற்றவர்கள் எழுத முடியும் என்றால் சர்வர் அந்தச் சாவியை நம்பாது, பாஸ்வேர்டு கேட்கும். உங்கள் பக்கத்து பிரைவேட் கீ 644-இல் இருந்தாலும் எஸ்எஸ்எச் அதை எடுத்துக்கொள்ளாது, பெர்மிஷன் ரொம்பத் திறந்திருக்கிறது என்று திட்டிவிட்டு நின்றுவிடும். ஃபோல்டர் 700, சாவி 600. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் நிரலின் பாஸ்வேர்டு வைக்கும் .பிஜிபாஸ் ஃபைலும் அப்படித்தான், 600-ஐ விடத் திறந்திருந்தால் அது கண்டுகொள்ளப்படாது.

ஒரு எச்சரிக்கை, புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபைல்களை மட்டும் பிடிக்கலாம் என்று 'சிஎச்மாட் -ஆர் 700 .*' என்று அடிக்காதீர்கள். டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் நிரலின் 5.2-க்கு முந்தைய பதிப்புகளில் அந்த நட்சத்திரம் இரட்டைப் புள்ளியையும், அதாவது மேல் ஃபோல்டரையும், சேர்த்துக்கொள்ளும். ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகி லாகின்) இருந்து அடித்தால் ஹோமிலிருந்து மேலேறி எல்லார் ஃபோல்டரிலும் இறங்கிவிடும்.

பட்டியலில் சில ஃபைல்களை 'அனுமதி இல்லை' என்று மாற்ற மறுத்தால், அவை உங்களுடையவை அல்ல, பெரும்பாலும் ரூட்டுடையவை. சூடோ (ரூட் உரிமையோடு ஒரு கட்டளையை இயக்குவது) போட்டு எடிட்டரைத் திறந்தால், சில டாக்கர் வேலைகளைச் செய்தால் இப்படி உண்டாகும். ஃபைண்ட் ~ ! -யூசர் கணக்கு என்று தேடி எடுத்து, என்னவென்று பார்த்துவிட்டு, சூடோ சிஎச்ஓன் -ஆர் கணக்கு: /ஹோம்/கணக்கு என்று உரிமையைத் திருப்புங்கள், இதிலும் ஆர் பெரிய எழுத்து. பெயருக்குப் பின்னால் இருக்கும் முக்காற்புள்ளி குரூப்பையும் சேர்த்து மாற்றும்.

இதுவரை செய்தது பழைய ஃபைல்களுக்கு. இனி உண்டாகப்போகிறவற்றுக்கு யூமாஸ்க். ஃபைலுக்கு 666, ஃபோல்டருக்கு 777 என்று தொடங்கி, யூமாஸ்க் சொல்கிற அனுமதிகளை நீக்கிவிட்டு மிச்சத்தைத் தருவதுதான் வழக்கம். 022 என்றால் 644, 755 வரும். 077 என்றால் 600, 700 வரும். ஹோமில் இருக்கும் .ப்ரொஃபைல், .பாஷ்ஆர்சி இரண்டிலும் கடைசியில் 'யூமாஸ்க் 077' என்று ஒரு வரி சேருங்கள். வெளியேறி மறுபடி நுழைந்து, டெர்மினலில் ஒரு ஃபைல், ஃபைல் மேனேஜரில் ஒரு ஃபைல், ஸ்கேன் நிரலில் ஒரு ஃபைல் உண்டாக்கி மூன்றையும் ஸ்டாட் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் டெஸ்க்டாப்பில் ஐகானைத் தட்டித் திறக்கும் நிரல்கள் சில நேரம் இந்த ஃபைல்களைப் படிக்காமலே தொடங்குகின்றன.

அப்புறம்தான் நிஜமான கேள்வி வருகிறது. எல்லாரும் அவரவர் ஹோமைப் பூட்டிக்கொண்டால் அலுவலக வேலை எப்படி நடக்கும்? பதிவு ஸ்கேன் செய்ததைக் கணக்கு பார்க்க வேண்டுமே. இந்த இடத்தில்தான் அவசரத்தில் 777 அடிக்கிறார்கள். பொதுவானது எதுவும் யாருடைய ஹோமிலும் இருக்கக் கூடாது, அதற்குத் தனி இடம் வேண்டும். ஹோம் தனியாள் இடம், பொது வேலை பொது ஃபோல்டரில், இந்தப் பிரிவைச் செய்துவிட்டால் மற்ற எல்லாம் எளிது. 'நெல்' என்று ஒரு குரூப் உண்டாக்குவோம்:

சூடோ குரூப்ஆட் நெல்
சூடோ யூசர்மாட் -ஏஜி நெல் கணக்கு
சூடோ யூசர்மாட் -ஏஜி நெல் பதிவு
சூடோ எம்கேடிஐஆர் /எஸ்ஆர்வி/நெல்
சூடோ சிஎச்ஜிஆர்பி நெல் /எஸ்ஆர்வி/நெல்
சூடோ சிஎச்மாட் 2770 /எஸ்ஆர்வி/நெல்

யூசர்மாடில் ஜி மட்டும் பெரிய எழுத்து. அதற்கு முன்னால் உள்ள சிறிய ஏ-வை விட்டுவிட்டால் அந்த ஆள் சூடோ உட்பட மற்ற துணைக் குரூப்புகள் எல்லாவற்றிலிருந்தும் நீக்கப்பட்டுவிடுவார், அதை அடிக்கும்போது ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். குரூப்பில் சேர்த்தது, அவர் வெளியேறி மறுபடி லாகின் செய்த பிறகுதான் நடைமுறைக்கு வரும். 2770-இன் முதல் 2, இந்த ஃபோல்டருக்குள் உண்டாகும் எல்லாவற்றுக்கும் நெல் குரூப்பே வரும்படி செய்கிறது. ஒருவர் வைத்த ஃபைலை இன்னொருவர் அழிக்கக் கூடாது என்றால் 3770 போடுங்கள், அப்போது ஃபைலின் உடைமையாளர்தான் (ஃபோல்டரின் உடைமையாளரும் ரூட்டும் தவிர) அழிக்க முடியும். பதிவு ஆவணங்கள் கிடக்கும் இடத்துக்கு 3770-தான் சரி என்று நினைக்கிறேன், தவறிப்போய்க்கூட அடுத்தவர் அழிக்க முடியாது.

ஆனால் நாம்தான் யூமாஸ்க் 077 வைத்திருக்கிறோமே. பதிவு இங்கே ஒரு ஃபைல் வைத்தால் அது 600 ஆகத்தான் விழும், குரூப் சரியாக இருந்தும் கணக்கு திறக்க முடியாது. இதற்காக யூமாஸ்க்கைத் தளர்த்த வேண்டியதில்லை. ஃபோல்டரில் ஒரு இயல்புநிலை ஏசிஎல் (ஆள்வாரியாகவும் குரூப்வாரியாகவும் கூடுதலாக அனுமதி கொடுக்கும் பட்டியல்) வைத்தால் அங்கே உண்டாகும் ஃபைல்களுக்கு யூமாஸ்க் பொருந்தாது:

சூடோ செட்எஃப்ஏசிஎல் -டி -எம் ஜி:நெல்:ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/நெல்

இந்தக் கட்டளை இல்லை என்று சொன்னால் ஏசிஎல் என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். இனி ஸ்கேன் நிரலை நேராக இந்த ஃபோல்டரிலேயே சேமிக்கச் சொன்னால் போதும், இருவரும் படிக்கலாம், எழுதலாம். ஹோமில் ஏற்கெனவே 600-இல் இருக்கும் ஒரு ஃபைலை இங்கே கொண்டுவந்தால் மட்டும் இது உதவாது: நகர்த்தினால் பழைய பெர்மிஷனோடும், பெரும்பாலும் பழைய குரூப்போடும் வரும், சிபி போட்டு நகலெடுத்தாலும் குரூப்புக்கு எதுவும் கிடைக்காது. அதற்கு இந்த வரி நல்லது:

இன்ஸ்டால் -எம் 660 அடங்கல்.பிடிஎஃப் /எஸ்ஆர்வி/நெல்/

பெயரைப் பார்த்து நிரல் இன்ஸ்டால் செய்வது என்று நினைக்க வேண்டாம், கேட்ட பெர்மிஷனோடு நகலெடுக்கும் சாதாரணக் கட்டளைதான்.

எப்போதாவது ஒரே ஒரு ஃபைலை மட்டும், ஹோமிலேயே வைத்துக்கொண்டு, பயிற்சிக்குக் காட்ட வேண்டியிருந்தால் அந்த ஃபைலுக்குப் படிக்கும் ஏசிஎல்லும், ஹோமிலிருந்து அதுவரை உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்கும் நுழையும் ஏசிஎல்லும் கொடுக்கலாம். செய்த பிறகு ஹோமின் எண் 710 என்று காட்டும், ஏசிஎல் இருக்கும் இடத்தில் நடு இலக்கம் குரூப்பைக் காட்டாமல் ஏசிஎல்லின் உச்சவரம்பைக் காட்டும், அதனால்தான். அதைப் பார்த்துப் பதறி 700 அடித்தால் கொடுத்த அனுமதி செத்துவிடும். வேலை முடிந்ததும் செட்எஃப்ஏசிஎல் -பி (ஏ-க்கு அடுத்து வரும் பி) போட்டுத் துடைத்துவிடுங்கள். என் யோசனை, முடிந்தவரை இதைத் தவிர்த்துவிட்டு பொது ஃபோல்டரில் ஒரு நகல் வையுங்கள், ஆறு மாதம் கழித்து எந்த ஃபைலுக்கு யாருக்கு என்ன கொடுத்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. 'எல்லாம் கொடுத்தும் திறக்கவில்லை' என்று வந்தால் நேம்ஐ -எல் என்று அடித்து ஃபைலின் முழுப் பாதையைக் கொடுங்கள், பாதையில் எந்த ஃபோல்டரில் தடுக்கிறது என்று வரிசையாகக் காட்டிவிடும்.

பென்டிரைவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் போனதற்குப் பிறகு நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்கள் இங்கே நிறைய, அதனால் ஐப்பசி பிறக்கும்போதே பேக்கப் எடுத்துவைப்பது நல்ல பழக்கம். ஆனால் கடையில் வாங்கும் பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட் அல்லது எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வரும், அதில் யூனிக்ஸ் பெர்மிஷன் என்பதே கிடையாது. ஹோமை அப்படியே இழுத்துப் போட்டு, கணினி கெட்டுப்போய்த் திரும்ப எடுத்தால் நீங்கள் ஒழுங்குபடுத்திய எதுவும் மிஞ்சாது. டார் (பல ஃபைல்களை ஒரே ஃபைலாகக் கட்டும் கட்டளை) கட்டிக் கொண்டுபோனால் பெர்மிஷன் உள்ளேயே பத்திரமாக இருக்கும். அப்புறம் அந்தப் பென்டிரைவை யார் எடுத்தாலும் படிக்கலாம் என்பதால் டார் கட்டும்போதே பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள்:

டார் -சிஇசட் -சி /ஹோம் கணக்கு | ஜிபிஜி -சி -ஓ பேக்கப்.டார்.ஜிஇசட்.ஜிபிஜி

முதலில் வரும் சிஇசட் சிறிய எழுத்து, அடுத்து வரும் சி பெரிய எழுத்து, ஜிபிஜிக்குப் பின்னால் வரும் சி மறுபடி சிறியது. ஓ-வும் சிறியதுதான். பென்டிரைவுக்குள் நின்றுகொண்டு இதை அடியுங்கள். பிரித்தெடுக்கும்போது ஜிபிஜி -டி போட்டு அதே குழாய் வழியாக டார் -எக்ஸ்இசட்பி என்று கொடுங்கள், கடைசிப் பி பெர்மிஷன் என்பதன் முதல் எழுத்து. ஃபேட் வடிவத்தில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட்டில் ஏறும்.

பெர்மிஷனால் காக்க முடியாததையும் தெரிந்துவைத்திருங்கள். சூடோ உள்ளவர் எல்லாவற்றையும் பார்ப்பார், எனவே அந்த உரிமையை ஒருவர் அல்லது இருவரோடு நிறுத்துங்கள், பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கு அது தேவையே இல்லை. ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 700-உம் ஒன்றும் செய்யாது. அதற்கு லினக்ஸை நிறுவும்போதே டிஸ்க் முழுக்கக் குறியாக்கம் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எல்லாம் செய்த பிறகு இன்னொருவர் பெயரில் நுழைந்து பார்த்தால்தான் நிச்சயம்:

சூடோ -யூ பயிற்சி எல்எஸ் /ஹோம்/கணக்கு

அனுமதி மறுக்கப்பட்டது என்று வர வேண்டும். /எஸ்ஆர்வி/நெல் என்று கொடுத்தாலும் அதே பதில்தான் வர வேண்டும், பயிற்சியை நாம் குரூப்பில் சேர்க்கவில்லை.

பயிற்சிக் காலம் முடிந்து அந்தப் பிள்ளை போகும்போது லாகினை அப்படியே அழித்துவிடாதீர்கள். லினக்ஸ் ஃபைலின் உடைமையாளரைப் பெயராக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது, லாகின் போனாலும் அந்த எண்ணின் ஃபைல்கள் டிஸ்கில் அங்கங்கே கிடக்கும். அடுத்து வருகிறவருக்குப் புது லாகின் உண்டாக்கும்போது காலியான அதே எண் கிடைக்க வாய்ப்புண்டு, கிடைத்தால் பழைய ஃபைல்கள் எல்லாம் அவருடையதாகிவிடும். அதனால் முதலில் சூடோ ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் -யூசர் பயிற்சி என்று தேடி, வேண்டியதை உரிய ஆளின் பெயருக்கு சிஎச்ஓன் செய்து, வேண்டாததை அழித்துவிட்டு, /ஹோம் தனி பார்ட்டிஷனில் இருந்தால் அங்கேயும் ஒரு தடவை தேடிவிட்டு, அதற்குப் பிறகு லாகினை நீக்குங்கள். ஏற்கெனவே நீக்கிவிட்ட பழைய லாகின்களுக்கு அதே ஃபைண்டில் -யூசர் பயிற்சி என்பதற்குப் பதில் -நோயூசர் என்று போட்டால் உடைமையாளர் இல்லாமல் கிடப்பவை எல்லாம் வந்துவிடும்.